ஆறு புட்டிகளும் ஒரு மீன் சூடும்

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப் புகுகிறவர் முதலில் முன்ஜாமீன் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'நான் குடிகாரன் அல்லன். குடியை ஆதரிப்பவனும் அல்லன்' என்று இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும். நானும் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமன் குடித்தே இறந்தவர். இறக்கும்போது வயது 44. அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த வாசனைக்கே இடமில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, பெல்ஜிய முறையில் ஜப்பானில் வடிக்கப்பட்ட பியரைப் பற்றியும் அதை எந்தப் பதார்த்தத்தோடு அருந்துவது என்பதைப் பற்றியும் எழுத வந்திருப்பது விபரீதமாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

இது நடந்த இடம் மறைமலை நகர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைச் சுமக்கும் ஊர். சென்னையின் துணைநகரமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அடிகளின் பெயரில் அமைந்த ஊரில் கலப்பில்லாத பொருள் ஒன்றைக்கூடக் காண முடியாது என்பது என் நெடுநாளைய வேடிக்கை. 1990களின் இறுதியில் ஃபோர்டின் கார் தொழிற்சாலை இங்கே வந்தது. 2022இல் அதில் கார் உற்பத்தி நின்றது. சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். அங்கே ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து 2010இல் திறந்த தொழிற்சாலையையும் அதற்கு உதிரிபாகங்கள் செய்து தரும் ஆலைகளையும் ஒட்டி ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்களுக்காக விடுதிகள், விடுதிகளுக்காக ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகைகள், பலகைகளுக்குக் கீழே டீக்கடைகள். ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஒடியா, இந்தி, ஜப்பானியம், செங்கல்பட்டுத் தமிழ் நான்கையும் ஒரே மூச்சில் கேட்கலாம்.

நான் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த உதிரிபாக ஆலைக்கு மூன்றாண்டுத் தவணையில் வந்திருந்தார் அந்தப் பொறியாளர். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராகி மாகாணத்துக்காரர். பேச்சு குறைவு. ஒரு மைக்ரான் பிசகினால் புருவம் மட்டும் உயரும். 2023 ஜனவரியில் புத்தாண்டு விடுப்பு முடிந்து திரும்பியபோது ஆறு புட்டிகள் கொண்டுவந்தார். ஏன் ஆறு? இந்தியச் சுங்கத்தில் வரியின்றி அனுமதிப்பது 2 லிட்டர். புட்டிக்கு 330 மில்லி. ஆறு புட்டிக்கு 1,980 மில்லி. மீதி 20 மில்லியைச் சுங்க இலாகாவுக்கு விட்டுக்கொடுத்ததாக அவர் சொன்னார். மூன்றாண்டுகளில் அவர் அடித்த ஒரே நகைச்சுவை இதுதான் என்று நினைக்கிறேன்.

புட்டிகளின் மேல் கண்ணை உருட்டிக்கொண்டு ஓர் ஆந்தை. ஹிட்டாச்சினோ நெஸ்ட் என்று பெயர். இபராகி மாகாணத்தின் நாகா என்ற ஊரில் உள்ள கியூச்சி ஆலையின் சரக்கு. 1823 முதல் சாக்கே எனும் அரிசி மது செய்துவந்த குடும்பம் 1996இல் பியரிலும் இறங்கியது. ஆந்தை நமக்கு ஆகாது, ஜப்பானில் அதிர்ஷ்டம். புட்டியை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தால் உள்ளே இருப்பது எதுவென்று பார்ப்பதற்கு முன்பே, ஆந்தைக்காகவே அம்மா அதை வாசலில் நிறுத்தியிருப்பாள்.

ஆறில் மூன்று வகை, வகைக்கு இரண்டு. முதலாவது ஒயிட் ஏல் என்னும் வெள்ளை பியர். இது அச்சு அசல் பெல்ஜிய முறை. கோதுமை கலந்து, ஹாப்ஸைக் குறைத்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வடிப்பது. ஜப்பானியர் அதில் ஜாதிக்காயும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது செந்நெல்லரிசி சேர்த்தது, இளஞ்சிவப்பாக இருக்கும். மூன்றாவது சாக்கே வைக்கும் சுகி மரப் பீப்பாயில் ஊறியது. பென்சில் சீவிய வாசனை.

கொத்தமல்லி என்றவுடன் எனக்கு ஆர்வம் பிறந்தது. ரசத்துக்கு வறுத்துப் பொடிக்கிற அதே தனியாதான். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்னும் சிற்றூர் பல நூறாண்டுகளாக இந்த வெள்ளை பியருக்குப் பேர்போனது. பிற்பாடு தெளிவான, குளிரில் நொதிக்கும் லாகர் பியர் உலகையே பிடித்துக்கொள்ள, ஹூகார்டனின் கடைசி ஆலையும் 1957இல் மூடப்பட்டது. சிறுவயதில் அந்த ஆலையில் ஒத்தாசை செய்த பியேர் செலிஸ் என்ற பால்காரர், 1960களின் நடுவில், நினைவில் இருந்த பக்குவத்தை வைத்து மறுபடியும் வடிக்கத் தொடங்கினார். இன்று உலகமெங்கும், கியூச்சி ஆலை உட்பட, கொத்தமல்லி போட்ட பியர் கிடைப்பதற்கு மூலகாரணம் அந்தப் பால்காரர். உ.வே.சா. ஏடு தேடியதைப் போல இவர் சுவையைத் தேடினார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ஏட்டில் எழுத்து இருந்தது. இவருக்கு நாக்கு மட்டுமே.

இந்தப் பியரை 'இது பியரே அல்ல' என்று சொன்னவர்களும் உண்டு. பவேரியாவில் 1516இல் வந்த தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதையும் அனுமதிக்கவில்லை. (ஈஸ்ட்டைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. நொதிக்கச் செய்யும் உயிரையே விட்டுவிட்டுத் தூய்மையை வரையறுத்த அழகு ரசிக்கத்தக்கது.) ஜப்பானிய வரிச்சட்டத்திலும் இதே கதை. 1994 வரை ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் வடிக்க முடிந்தவர்க்கே பியர் உரிமம். அந்த ஆண்டு அதை 60,000 லிட்டராகக் குறைத்த பிறகே கியூச்சி போன்ற சிற்றாலைகள் பிறந்தன. ஆனாலும் கொத்தமல்லி போட்டால் அது சட்டப்படி பியர் ஆகாது. 'ஹப்போஷு', அதாவது நுரைமது என்ற கீழ்ச்சாதிப் பெயர்தான் புட்டியில் அச்சாகும். 2018 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தினார்கள். மால்ட்டின் எடையில் 5 சதவீதம் வரை பழம், கொத்தமல்லி, மிளகு, தேயிலை, மிசோ, ஏன், உலர்ந்த சூரைமீன் சீவல்கூடச் சேர்க்கலாம்; பெயர் பியர்தான். மாசிக் கருவாடு போட்டதும் பியரே என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதை அறிந்தபோது, வடசொல் கிளவியை எழுத்தொரீஇ ஏற்றுக்கொள்ளும் இலக்கணம் ஞாபகத்துக்கு வந்தது. அடிகளுக்கு இது பிடித்திருக்காது. அவர் சைவர் வேறு.

விருந்து நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்து மொட்டைமாடியில். நான், பொறியாளர், சென்னையில் ஜப்பானியம் படித்துவந்த எங்கள் மொழிபெயர்ப்பாளத் தம்பி, மூவர்தான். இல்லத்தில் இருந்தவை எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொரு பியருக்கும் தனித்தனியே கோப்பை வைத்துக் கொண்டாடும் பெல்ஜியர்கள் பார்த்திருந்தால் மூர்ச்சையாகியிருப்பார்கள். பொறியாளர் எங்கிருந்தோ மூன்று கண்ணாடிக் கிளாஸ்களைத் தேடிக் கொண்டுவந்தார். சமையல் அம்மாவுடையது. 'ஜப்பான்காரர் நம் சாப்பாடு கேட்கிறார்' என்று சொல்லியிருந்தேன். எதோடு சாப்பிடப்போகிறார் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் தூக்குவாளிகளை நிரப்பிக் கொடுத்தாள்.

நெத்திலி வறுவலோடு வெள்ளை பியர். இந்த இணையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தகும். வறுவலின் எண்ணெயை நுரை துடைத்துவிட்டுப் போகிறது. போன இடத்தில் கொத்தமல்லி வந்து உட்காருகிறது. கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூல் என்ற பொருள் ஹாப்ஸிலும் இருக்கிறதாம். அதனால்தான் இரண்டும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்ப்பதில்லை. பெல்ஜியத்து ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் நொதித்து, போடாத கிராம்பின் வாசனையைத் தானே உண்டாக்கிவிடுகிறது. வாயில் மல்லியும் கிராம்பும் ஜாதிக்காயும் ஆரஞ்சும் ஒரே நேரத்தில். ஐயோ, இது நம் அஞ்சறைப்பெட்டி அல்லவா என்று நான் தமிழில் கத்திவிட்டேன். தம்பி மொழிபெயர்க்கத் திணறினான்.

மீன் குழம்பு தோற்றது. புளியும் மிளகாயும் இருக்கும் இடத்தில் நுரை எரிச்சலைக் கூட்டுகிறதே தவிரத் தணிப்பதில்லை. சோற்றில் பிசைந்து சாப்பிடும் எதற்கும் இந்தப் பியர்கள் ஒத்துவரவில்லை என்பதே என் தீர்ப்பு. உலர்ந்ததும் வறுத்ததும் சுட்டதும்தான் அவற்றுக்குச் சரி. செந்நெல் பியர் ஆட்டுச் சுக்காவோடு சுமாராகப் போனது.

ஆனால் எதிர்பாராத வெற்றி, தூக்குவாளி மூடியில் அம்மா வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய். உப்பில் ஊறி வெயிலில் காய்ந்து கறுத்த சுருள். பொறியாளர் ஒரு துண்டை வாயிலிட்டு, வெள்ளை பியரை ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு "யுஸு" என்றார். யுஸு அவர்களது எலுமிச்சைச் சாதிப் பழம். அதன் தோலை மிளகாயோடும் உப்போடும் அரைத்து ஒரு விழுது செய்வார்கள். அதே கியூச்சி ஆலை யுஸு போட்டும் பியர் வடிக்கிறது. தாவரவியலில் இது வியப்பல்ல. நாரத்தை, யுஸு, ஆரஞ்சு, ஜப்பானியர் தூவிக்கொள்ளும் சான்ஷோ மிளகு, நம் கறிவேப்பிலை, ஐந்தும் ஒரே குடும்பம். வியப்பு எனக்கு வேறோர் இடத்தில். மூன்றாண்டுகள் எங்கள் ஊர்ச் சாப்பாட்டை மரியாதைக்காகச் சாப்பிட்ட மனிதர் முதல்முறையாக இன்னொரு துண்டு கேட்டார்.

கடைசியில் கரியில் சுட்ட ஏரி விரால் மீனும் மரப்பீப்பாய் பியரும். மீனின் புகையும் மரத்தின் வாசனையும் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது.

பத்துப்பாட்டில் ஒன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் பாணனுக்கு வழிசொல்லும் பாட்டு. அதாவது, எங்கள் தொண்டை நாட்டுப் பாட்டு. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவருடைய இன்னொரு பாட்டான பட்டினப்பாலைக்குத்தான் மறைமலை அடிகள் 1906இல் ஆராய்ச்சியுரை எழுதினார். வழியில் வலைஞர் குடியிருப்பு வரும். கோடையிலும் வற்றாத குளத்தில் மீன்பிடிப்பவர்கள். நடந்து களைத்த பாணனுக்கு அங்கே என்ன கிடைக்கும்? புலவர் செய்முறையோடு சொல்கிறார். நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற வைத்து, 'நல்லடை' என்ற ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, உறுதியான வாயுள்ள சாடியில் 'வழைச்சு' நீங்க முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த நறும்பிழி. அதைச் சும்மா கொடுப்பதில்லை. மீன் சூட்டோடு கொடுப்பார்கள். மதுவும் அதற்கேற்ற பதார்த்தமும் ஒரே வாக்கியத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஏரி மாவட்டத்தில்.

இதைத் தம்பி வழியாகச் சொன்னேன். பொறியாளர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அந்த நல்லடை பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று புலவர் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறார். பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போன்றது, 'பூம்புறம்' உடையது. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூடு, சொரசொரவென்று, வெண்ணிறம் பூத்து இருக்கும். 1889இல் உ.வே.சா. அச்சிட்ட பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. அவர் இந்த அடையை முளை என்று கொள்கிறார். நெல்லை முளைகட்டி இடித்தது. பார்லியை முளைகட்டி மால்ட் செய்யும் பெல்ஜிய வழியும் அதுவே. மாவுப்பொருள் சர்க்கரையானால்தான் ஈஸ்ட்டுக்கு இரை. முளைக்கும் தானியம் அதைத் தானே செய்துகொள்கிறது.

பொறியாளர் ஒப்பவில்லை. "அது கோஜி" என்றார். வெந்த அரிசியின் மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்குவது ஜப்பானிய வழி. சாக்கே, மிசோ, சோயா எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. கைக்குட்டைத் தாளில் ஓர் எழுத்தை வரைந்து காட்டினார். கோஜியைக் குறிக்க ஜப்பானியர்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட எழுத்தாம். இடப்பக்கம் அரிசி, வலப்பக்கம் பூ. அரிசியின் மேல் பூத்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழிலும் பூசணம் 'பூக்கத்தானே' செய்கிறது? ஊறுகாய் பூத்துவிட்டது என்கிறோம். பூம்புறம் என்று புலவர் சொன்னது வெறும் அழகுக்காகவா, கண்ணால் கண்ட பூஞ்சையையா? உரையாசிரியரை மறுக்க எனக்குப் புலமை போதாது. முளையை இடித்து அடையாகத் தட்டி வைத்தால் அதன் மேலும் பூஞ்சை பூக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அன்றிரவு பெல்ஜியத்து வழியும் ஜப்பானிய வழியும் ஒரு தமிழ்ச் சொல்லுக்காக வழக்காடிக்கொண்டிருந்தன. மறைமலை நகர் மொட்டைமாடியில் இதைவிடப் பொருத்தமான வழக்கு நடந்திருக்க முடியாது. வழைச்சு என்றால் என்ன என்றும் கேட்டார். இளமணம், பக்குவப்படாத பச்சை வாசனை என்றேன். பியர் ஆலைக்காரர்கள் இன்றும் அந்த வாசனை நீங்கத்தான் தொட்டியில் காத்திருக்கிறார்கள்; அதற்குத் தமிழில் தனிச்சொல் இருப்பதை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாம் அந்தச் சொல்லை ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

மறுநாள் தூக்குவாளிகளைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"அந்த ஜப்பான்காரரு சாப்ட்டுக்கினே குடிச்சாரா, இல்ல குடிச்சிட்டு அப்பால சாப்ட்டாரா?"

சாப்பிட்டுக்கொண்டேதான் என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மாமாவுக்கு எடுத்து வைத்த தட்டு இரவு முழுக்க மூடியே கிடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஷிப்டு முடிந்து வழியில் நின்று, தண்ணீர் பாக்கெட்டை பல்லால் கடித்து ஊற்றி, இரண்டு மடக்கில் முடித்துவிட்டு வருவார். ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் தடவிக்கொள்வதுதான் அவருடைய பதார்த்தம். அதுவும் நார்த்தங்காய்தான்.

போதையின் அளவில் வேறுபாடு என்று யாரும் எண்ண வேண்டாம். பெல்ஜியத்து மடாலயங்களில் துறவிகள் வடிக்கும் டிரிப்பெல் 8, 9 சதவீதம் ஏறும். நம்மூர் 'ஸ்ட்ராங்' பியருக்குச் சற்றும் இளைத்ததல்ல. அவர்கள் அதை அரைமணி நேரம் மேசையில் வைத்துக்கொள்கிறார்கள், பாலாடைக்கட்டியோடு. இங்கே மேசை என்பது இல்லாமலே போய்விட்டது. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, மீண்டும் தளர்ந்தது. 1983இல் உருவான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. விலக்கிய காலத்திலும் விற்ற காலத்திலும் மது ஒளிவிடத்துக்கு உரியதாகவே இருந்தது. அடுப்பங்கரைக்கும் அதற்கும் இருந்த உறவு அறுந்து வெகுகாலமாகிறது. வலைஞர் வீட்டில் மீனைச் சுட்டவளும் களி துழாவியவளும் ஒரே பெண்ணாக இருந்திருக்கலாம். என் அம்மாவிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

பெல்ஜியமும் ஜப்பானும் இந்தியாவில் சந்தித்தது எங்கள் மொட்டைமாடியில் மட்டும் அல்ல என்பதையும் குறித்துவிடுகிறேன். 2015இல் வந்த பீரா 91 தன் கொத்தமல்லி மணக்கும் வெள்ளை பியரை ஆரம்பத்தில் பெல்ஜியத்திலேயே வடித்து இறக்குமதி செய்தது. 2021இல் ஜப்பானின் கிரின் அதில் முதலிட்டது. பெங்களூரில் 2010 வாக்கில் தோன்றிய சிற்றாலைகள் பாசுமதி அரிசியில்கூடப் பியர் வடித்துப் பார்த்தன. சீரகச் சம்பாவிலும் மாப்பிள்ளைச் சம்பாவிலும் ஒன்று வடித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆசைதான்.

பொறியாளர் அந்த ஆண்டுக் கோடையிலேயே ஊர் திரும்பினார். அன்று நாங்கள் திறந்தது ஐந்து புட்டிகள். மிஞ்சிய ஒரு வெள்ளை பியரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மாமாவின் மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, வயது 24, நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். குடிப்பான் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுவல் வாங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். புட்டியை இரண்டு டம்ளர்களில் ஊற்றினேன். மெதுவாகக் குடிடா, முதலில் முகர்ந்து பார் என்றேன். முகர்ந்தான். நான்கு மடக்கில் முடித்தான். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான், மல்லி ரசம் மாதிரி. ஆனா ஏறலயே?"

என் டம்ளரையும் அவன் பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நெத்திலியில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.